நீ தூரம்

வெள்ளிக்கிழமை, இரவு

ஒரு வருடமாக நின்றிருந்த மாதவிலக்கு இன்று காலை வந்தது. அம்மா தறியை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டாம்மா. நீ தூரம், தறியில பாவு நூல்கிட்ட வராத."

சிரித்துக்கொண்டே சொன்னாள். தூரம் என்ற சொல்லை யாரும் சிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பின்கட்டில் எனக்குப் பாய் விரித்தாள். கேசரி கிண்டி, என்னைத் தொடாமல் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள். "இன்னும் எதுக்கு அந்த மாத்திர? நிறுத்திடு."

டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இருபத்து நாலு வயதிலேயே சினைப்பை ஓய்ந்துவிட்டது. ஏன் என்று சோதனைகளில் தெரியவில்லை. எலும்பு தேயாமல் இருக்க ஐம்பது வயதுவரை ஹார்மோன் மாத்திரை வேண்டும். அதனால் மாதாமாதம் ரத்தம் வரும், குணமாகிவிட்டதாக நினைத்துவிடாதே என்றார்.

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தைக்குப் போன் போட்டுவிட்டாள். "இனிமே மாப்ள பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொம்பில் தண்ணீர் இல்லை. நான் போய்ப் பானையைத் தொடக்கூடாது. அம்மாவைக் கூப்பிட்டால் மாத்திரையைப் பார்த்துவிடுவாள். வெறும் வாயில் விழுங்கினேன், இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அடுத்த மாதமும் வரும். அம்மா சிரிப்பாள்.