பிளானில் இல்லாத இடம்

பிரிஞ்சாங், மேல் டிவிஷன் லயம்,
தாரண வருஷம் ஐப்பசி 12.
(ஜப்பான்காரன் கணக்குக்கு 2604)

சௌபாக்கியவதி இராசம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் கருப்பையா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் கைகால் சுகத்தோடு இருக்கிறேன். பீடோரில் நீயும், உன் அக்கா மணியம்மாவும், சகலை முனியாண்டியும் அப்படியே இருக்க வேண்டும். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பவள் என்பதால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். இதைச் சகலையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நீயே படி. உட்கார்ந்துகொண்டு படி.

தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். அதனால் மூசா பாயின் காய்கறி லாரியில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு மூட்டை வரும். கொஞ்சம் தேயிலை, நாலு முள்ளங்கி, என் கம்பளி. பீடோர் வெக்கையில் கம்பளி எதற்கு என்று உன் அக்கா சிரிப்பாள். சிரிக்கட்டும். பிள்ளை பிறந்தால் கீழே விரிக்க ஆகும். எனக்கு இங்கே சாக்கு இருக்கிறது. லயத்தில் பாதிப் பேர் சாக்கைத்தான் போர்த்துகிறார்கள், சிலர் அதையே உடுத்தவும் செய்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் கம்பளியோடு திரிந்தால் ஆள் மேய்க்கிற மண்டோருக்கு வந்த வாழ்வைப் பார் என்பார்கள்.

வேலை பாதி கொழுந்து, பாதி மண்வெட்டி. கீழ்ச்சரிவில் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டாயிற்று. மூன்று வேளையும் அதுதான் சோறு. அடுத்த பிள்ளைக்கு மரவள்ளின்னுதான் பேரு வைக்கணும்லா என்று என்னோடு வேலைக்கு இறங்குகிற கந்தன் சொல்லிக்கொண்டு திரிகிறான். என் தாடியைப் பார்த்தும் அவனுக்குக் கேலிதான். நீ முழுகாமல் இருப்பதால் நான் கத்தி வைக்கவில்லை என்பது தெரிந்தும், சாமியாருக்கு எந்த மடம் என்று கேட்கிறான்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. கார்த்திகை வந்தால் நம் பிள்ளை சரோஜா போய் ஒரு வருஷம் ஆகிறது, குழியில் விளக்கு வைத்துக் கொஞ்சம் பால் ஊற்ற வேண்டும், நான் முழுகாமல் இருப்பதால் நீங்கள் போகக் கூடாது, கந்தனை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்தேன். மாசமாக இருப்பவளுக்கு எழுதக் கூடாத சேதி இது. ஆனால் லாரிக்காரன் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவன் வாயால் நீ கேட்பதைவிட என் கையால் தெரிந்துகொள்வது மேல்.

இடுகாடு இப்போது இல்லை, இராசம்மா. அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி நடப் போகிறார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஜப்பான் மானேஜர் என்னையும் கணக்கெழுதும் கிராணியையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் பழைய துரை விட்டுப்போன தோட்டத்துப் பிளான் விரித்திருந்தது. ஓடைக்கு மேலே சமதரையாக இருக்கும் இரண்டு ஏக்கரைப் பென்சிலால் காட்டி, இங்கே கிழங்கு போடு என்றார். அங்கேதான் செத்தவர்களை வைத்திருக்கிறோம் என்று கிராணி அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான் அடிதான் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் குனிந்து பிளானை ரொம்ப நேரம் பார்த்தார். பிரிஞ்சாங்கில் சீனர் கல்லறைக்கும், பாய்மார் மையவாடிக்கும் தனிப் பத்திரம் இருக்கிறது, அதை நாங்கள் தொடவில்லை, உங்களுடையதற்கு என்ன இருக்கிறது, காட்டு என்றார். பிளானில் கோயில் இருக்கிறது. கிணறு இருக்கிறது. மருந்துக் கொட்டகைகூட இருக்கிறது. அந்த இரண்டு ஏக்கர் மட்டும் வெறும் தேயிலைப் பச்சை. கருப்பையா, ஒரு துண்டு பேப்பர் இருந்தாலும் நான் பேசிப் பார்ப்பேனே என்று கிராணி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று நாள் தவணை கொடுத்தார். எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். லயத்தில் கூடிப் பேசினோம். அடங்கினவங்கள எழுப்பக் கூடாது, மண்ணாப் போனது மண்ணாவே கிடக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அறுபது குழிக்கு மேல் இருந்தது. யாரும் எடுக்க வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனால் நாலாம் நாள் மண்வெட்டியோடு ஆளை இறக்க வேண்டியவன் நான். மண்டோர் வேலை அப்படி. எங்கே முதல் வெட்டு என்று என்னைத்தான் கேட்பார்கள். நம் பிள்ளை கிடக்கிற இடத்தில் இன்னொருவன் மண்வெட்டியை ஓங்குவதை நின்று பார்க்க என்னால் முடியாது.

மூசா பாய் கடைக்குப் போய்ச் சொன்னேன். மையவாடியில் இடம் கேட்க நான் நினைக்கவில்லை, கேட்டாலும் அது நடக்காது. அவரே யோசித்துவிட்டு, திரிங்காப்ல என் காய்கறித் தோட்டம் இருக்குல, மேல் மூலையில வச்சுக்க, அது என் பேர்ல இருக்கிற நிலம், எவனும் வந்து கேக்க மாட்டான் என்றார். அவர் வீட்டு சஃபியா அம்மா உள்ளே இருந்து ஒரு புது வெள்ளைத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் துணி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கே கிடைக்காதது.

நீங்க கிட்ட வரக் கூடாது, ஓடைக்கு இந்தப் பக்கமே நிக்கணும், நானே எடுத்துத் தரேன் என்று கந்தன் கெஞ்சினான். வீட்டுக்காரி எட்டு மாசம், குழியைத் தொடலாமா, வயித்துல இருக்கிறதுக்கு ஆகுமா என்று திட்டவும் செய்தான். காலையில் அவன்தான் முதலில் இறங்கினான். நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் இரண்டு வெட்டு வெட்டினான். சத்தம் கேட்டது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஓடையைத் தாண்டிப் போய் மண்வெட்டியை வாங்கித் தூரப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினேன். உன் பச்சைச் சேலையைக் கிழித்துச் சுற்றினோமே, அந்தச் சாயம் போகவில்லை. அதைப் பார்த்து இவள்தான் என்று தெரிந்தது. இதற்குமேல் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே.

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் பாத்திக்கு மேலே வைத்திருக்கிறோம். வெயில் படுகிற இடம். பால் கிடைக்கவில்லை, மூசா பாய் கடையில் டின்பால் பார்த்தே வருஷம் இரண்டாகிறது. தண்ணீர்தான் ஊற்றினேன். அடையாளத்துக்குச் செங்கல் ஒன்று நட்டிருக்கிறேன்.

இப்படியாக, என் கை பட்டுவிட்டது. ஓடையில் மூன்று முழுக்குப் போட்டேன். கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. உனக்கு ஏதாவது வலி, உதிரப்போக்கு, பிள்ளை துடிப்பில் குறைச்சல் இருந்தால் மறைக்காமல் எழுது.

ஐப்பசி 13.

லாரி நேற்று வரவில்லை. கரிப்புகையில் ஓடுகிற லாரி, இந்த மழையில் மேடு ஏற மாட்டேன் என்று கோலா தெர்லாவிலேயே நின்றுவிட்டதாம். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்தால் நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி தெரிகிறேன். அதனால் விட்டுப்போனதையும் எழுதிவிடுகிறேன்.

பேப்பர் ஏன் இல்லை என்று நீ கேட்பாய். பேப்பர் வந்தது, இராசம்மா. நான்தான் வேண்டாம் என்றேன்.

சரோஜா உன் வயிற்றில் ஏழு மாசம். பழைய துரை என்னைக் கூப்பிட்டு, கூலிகளுடைய இடுகாட்டுக்கு நில ஆபீசில் மனுப் போடுகிறேன், பொறுப்புக்குத் தொழிலாளிகள் மூன்று பேர் கையெழுத்து வேண்டும், முதல் பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், நீ எழுதத் தெரிந்தவன் என்றார். வீட்டில் முழுகாமல் இருக்கிறாள், இடுகாட்டுக் காகிதத்தில் நான் கைவைக்கக் கூடாது, எங்கள் வழக்கம் அப்படி என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அப்புறம் வா என்றார். மண்டோரே கைவைக்கவில்லை என்று மற்றவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். உசுரோட இருக்கும்போதே சுடுகாட்டுக்கு எழுதிக் கொடுக்கிறவன் எவன் என்று சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிள்ளை பிறந்தது. அப்புறம் போகலாம் என்று இருந்தேன். துரை ஜப்பான் சண்டைக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார்.

வழக்கத்தைச் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது சாக்கு. உன் வயிற்றைக் காட்டித் தப்பித்தேன், உன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால், அந்தக் காகிதத்தில் பெயர் போட்டால் நான் சாகிற இடம் இதுதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். இன்னும் இரண்டு வருஷம், கையில் நாலு காசு, பிறகு கப்பல் என்று நினைத்துக்கொண்டே பதினாறு வருஷம் ஓட்டியவன் நான். கோயில் கட்ட முதல் ஆளாகக் கல் சுமந்தேன். திருவிழா எடுத்தேன். கல்யாணம் செய்து பிள்ளை பெற்றேன். இங்கே செத்துப்போவதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதே மூசா பாய் என்னைக் கேலி செய்தார். நாங்க ஒரு ஊர்ல கடை போட்டா மறுவருஷமே மையவாடிக்கு இடம் எழுதி வாங்கிருவோம், நீங்க என்னடான்னா சாவை மட்டும் இந்தியாவுல போய் வச்சுக்கலாம்னு இருக்கீங்க என்றார். இப்போது அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது என் கதை. முந்தாநாள் கிராணியிடம் உட்கார்ந்து புதிதாக ஒரு மனு எழுதினோம். ஓடைக்கு அந்தண்டை கால் ஏக்கர், பாறை நிலம், எதுவும் விளையாத இடம், அதையாவது இடுகாடு என்று பிளானில் குறித்துத் தரச் சொல்லி. முதல் பெயர் என்னுடையது. கந்தன் கைநாட்டு வைத்தான். மூன்றாம் ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மானேஜர் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார், படித்தாரா என்று தெரியாது. மூசா பாய் நிலமும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்ஸ்தான் என்று பிறகுதான் சொன்னார். அவர் இருக்கிறவரைக்கும் கவலை இல்லை. நம் பிள்ளை இப்போது இன்னொருவர் பெயரில் படுத்திருக்கிறாள்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். பிரசவம் ஆனதும் சகலையைப் போலீஸ் ஸ்டேசனுக்கு அனுப்பிப் பிள்ளையின் பிறப்பைப் பதிந்துவிடச் சொல். ஊருக்குத்தான போகப் போறீங்க, எதுக்கு அலையணும் என்று அவர் இழுப்பார். விடாதே. தேதி, தாய் பெயர், தகப்பன் பெயர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நீயே எழுத்துக் கூட்டிப் பார். பிறந்த இடம் என்று கேட்டால் பீடோர் என்று இருக்க வேண்டும். நம்முடைய பழைய கிராமத்தின் பெயரை எழுதிவிடப் போகிறார்கள். சீட்டை ஓலைப்பெட்டியில் வைக்காதே, கரையான் தின்னும். டின்னில் போட்டு மூடி வை.

மூன்று மாசமாக நீ எழுதுகிற கடிதங்களில் எனக்குத் தைரியம் சொல்லியே முடிக்கிறாய். நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியவன். மாரியாத்தா உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உடம்பாகப் பிரித்துக் கொடுக்கட்டும். இதற்கு என்ன தண்டனை உண்டோ அது என் தலையோடு போகட்டும்.

கீழே இறங்கப் பாசுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற சமயம், ஆனாலும் கொடுப்பார்கள் போலத்தான் இருக்கிறது. கிடைத்தால் உன் நாளுக்கு வந்துவிடுவேன். குழி தோண்டின கை என்று உனக்குத் தோன்றினால், அல்லது உன் அக்கா வேண்டாம் என்றால், நான் வீட்டுக்குள் வரமாட்டேன். பிள்ளையைத் தூக்கத் தா என்று கேட்கவும் மாட்டேன். லயத்து வாசலில் நிற்கிறேன். நீ ஒரு தரம் தூக்கிக் காட்டு, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

வராதே என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
கருப்பையா