முப்பத்தொன்றும் பத்தும்

2-6-1986, திங்கள்

விழுப்புரம் வீட்டுத் தோட்டச் சங்கத்தின் காய்கறி, மலர்க் கண்காட்சி ஜூலை 13 அன்று. செயலாளர் அரங்கநாதன் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். செடிகளை மனிதன் மாற்றிய வரலாறும் அதனால் நம் தோட்டங்கள் மாறியதும் - இதுதான் தலைப்பு. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் பயிர்ப் பண்ணையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு மணம் செய்வித்து, காகிதப் பை மாட்டிக் காத்தவன் என்ன காரணம் சொல்வது? குறிப்புகள்:

1. பெயர் தெரியாதவர்கள். காட்டுப் புல்லை நெல்லாக்கியவர்கள். நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைத்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை.
2. 1717. லண்டன் தோட்டக்காரர் ஒருவர் இரண்டு வகைப் பூக்களைக் கலந்து புதியது உண்டாக்கினார். கடவுள் வேலையில் கை வைத்துவிட்டோமோ என்று சாகும்வரை பயந்தார். (எனக்கு இவரைப் பிடிக்கும்.)
3. பட்டாணியை எண்ணிய துறவி மெண்டல். மூன்றுக்கு ஒன்று.
4. சீன ரோஜா ஐரோப்பா போனது. வருடம் முழுக்கப் பூ வந்தது, பிறகு மணம் போனது.
5. இன்றைய விதைப் பாக்கெட். வெளியே படம், உள்ளே மோசடி.
6. நாம் செய்ய வேண்டியது. (யோசிக்க வேண்டும்.)

ஐந்தாவதை எழுதும்போது பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிட்டது. கோபம்தான் என்று நினைக்கிறேன்.

3-6-1986

ஐந்தாவதற்குக் காரணத்தைக் குறித்து வைக்கிறேன். திண்டிவனத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பெரியதம்பி குடியிருக்கிறார். அவர் மனைவி பாஞ்சாலி பின்பக்கம் கத்தரி போட்டிருக்கிறாள். பாத்தி முனையில் ஒரு குச்சி, அதில் விதைப் பாக்கெட் செருகியிருக்கிறது. வீரிய ஒட்டு ரகம், நீள ஊதாக் காய்ப் படம். மேலே ரப்பர் முத்திரை: அமீர் பாட்சா விதைக் கடை, திண்டிவனம். மதில் மேல் எட்டிப் பார்த்தால் சில செடிகளில் பச்சைக் காய்! ஒட்டு விதை என்றால் எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். இந்தக் கடைக்காரன் கண்ட விதையைக் கொட்டி விற்கிறான்.

21-6-1986, சனி

விடிந்ததும் யாரும் எழுமுன் மதிலருகே நின்று எண்ணினேன். ஒரு முறைக்கு மூன்று முறை. மொத்தம் 41 செடி. ஊதா 31. பச்சை 10. ஒழுங்கு என்பதே இல்லாத கலப்படம். பச்சைக் காய்ச் செடிகள் இரண்டில் பழைய உள்பாவாடையைக் கிழித்துக் கட்டி வைத்திருக்கிறாள். கண்ணேறுக்காக இருக்கும். அழுக்குத் துணி, அதன் மேல் எறும்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவளிடம் கேட்கலாமா? மதில் மேல் எட்டிப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

29-6-1986

கடலூருக்கு, விதை ஆய்வாளர் பெயருக்குக் கடிதம் எழுதினேன். எண்ணிக்கையைச் சேர்த்தேன். நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து இன்று தபாலில் போட்டேன்.

13-7-1986, ஞாயிறு

கண்காட்சி. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டிய நாள்.

முதல் பரிசுக் கத்தரிக்காய்க்குத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். ஈ ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. பாகற்காயில் பூச்சி மருந்து நாற்றம், அதை ஒருவர் குழந்தையின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார். தேங்காய்மூடி அளவு ரோஜாவை முகர்ந்தேன். ஈரக் காகித வாசனை. வைத்திருந்தவர், "மோந்து பாக்கவா சார் இது? சைஸைப் பாருங்க" என்றார். பத்தாயிரம் வருடம் எத்தனையோ கைகள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததன் முடிவு இந்த ஆள்.

அந்த எரிச்சலோடு மேடை ஏறினேன். ஐந்தாவது குறிப்புக்கு வந்ததும் கடையின் பெயரையே சொல்லிவிட்டேன், ஆய்வாளருக்கு எழுதியதையும் சொன்னேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். எனக்காக யாரும் கை தட்டியதில்லை. பிடித்திருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

24-7-1986

அரங்கநாதன் வந்தார். "சார், உங்க லெட்டர் வேலை செஞ்சுட்டுது. அந்தப் பாய் கடையில வெதை விக்கக் கூடாதுன்னு சீல் வச்சுட்டாங்க. சோதனைக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. ஆடியில போயி சீலு, பாவம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேனா? சிரித்தேன்.

ஆடி விதைப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. விதைக் கடைக்கு இந்த ஒரு மாதம்தான் வருடமே.

27-7-1986, ஞாயிறு

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பாஞ்சாலி முறத்தில் கத்தரிக்காய் கொண்டுவந்தாள். அத்தனையும் பச்சை. "சாருக்குன்னு எடுத்தாந்தேன். கொழம்புல போட்டா வெண்ணெயாட்டம் கரையும்" என்றாள்.

என் மனைவி லட்சுமியம்மாள், "பாக்கெட்டு வெதையில ஏமாத்திட்டான்னு இவரு ஊரெல்லாம் பேசிட்டு வந்தாரே, அந்தக் காயா?" என்று கேட்டாள்.

"எந்தப் பாக்கெட்டு? குச்சியில சொருகியிருக்கறதா? அது போன வருஷத்துது அக்கா. அதுல எல்லாமே ஊதாதான், நல்லாத்தான் காச்சுது. நாலு காய பழுக்க உட்டு, வெதைய அலசி, சாம்பல்ல பொரட்டிக் காய வச்சு, அந்தப் பாக்கெட்டுலியே கொட்டி வச்சேன். வேற எதுல வெக்கிறது? இந்த வருஷம் ரெண்டு தினுசா வந்துட்டுது. நல்லதாப் போச்சு, எங்க வூட்டுக்காரரு பச்சைன்னா இன்னும் ரெண்டு கை சாப்புடறாரு."

நான் கேட்டேன்: "செடியில துணி கட்டியிருக்கியே, அது?"

"வெதைக்கு உட்டது சார். யாரும் பறிச்சுறக் கூடாதுன்னு கட்டி வச்சேன்." போகிற போக்கில், "செவுத்து மேல பாத்தீங்களா? உள்ளாற வந்தே பாக்கலாமே சார்" என்றாள்.

ஒட்டுச் செடியின் விதையை மறுபடி விதைத்தால் உள்ளே மறைந்திருந்த நிறம் வெளியே வரும். நான்கு செடியில் ஒன்று, மூன்று ஊதாவுக்கு ஒரு பச்சை. அதுதான் மெண்டலின் மூன்றுக்கு ஒன்று. முப்பத்தொன்றுக்குப் பத்து. எண்ணியது என் கை, எழுதியது என் கை. பேச்சில் மூன்றாவது குறிப்பாக அதைப் பத்து நிமிடம் விளக்கிவிட்டுத்தான் ஐந்தாவதற்குப் போனேன். ஒழுங்கு என்பதே இல்லாத கலப்படமாம்! அந்த ஒழுங்கைத் தவிர அந்தப் பாத்தியில் வேறொன்றுமே இல்லை.

லட்சுமி முறத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "செவுத்துக்கு இந்தாண்ட நின்னு நாப்பத்தோரு செடி எண்ணத் தெரிஞ்சுது. இன்னா வெதைம்மான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா?"

ஈ ஒட்டிய கத்தரிக்காய் நினைவுக்கு வந்தது. எண்ணெய் தடவி மேடையில் வைத்தது என்னைத்தான்.

28-7-1986

என் புகார் தவறு என்று ஆய்வாளருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

29-7-1986

மறுபடி எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கடைக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டுமா? கடிதம் போதாதா? போதாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

5-8-1986, செவ்வாய்

ஆடி அமாவாசை என்பதை மறந்து கிளம்பிவிட்டேன். பஸ் நிலையம் முழுக்க மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம். திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன். திரும்பிவிட இது நல்ல சாக்கு என்று இரண்டு முறை தோன்றியது.

கடையில் உர மூட்டைகள் மட்டும் இருந்தன. விதை அலமாரிக்குக் குறுக்கே நாடா, அரக்கு. அமீர் பாட்சாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கோட்டக்குப்பத்துக்காரர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்: "பாக்கெட்டு மேல வருஷம் போட்டிருக்குமே சார், பாத்தீங்களா?"

"பார்க்கவில்லை."

"கண்டாச்சிபுரத்துலேர்ந்து காணையிலேர்ந்து வர்ற ஆளுங்க சார். பன்னண்டு வருஷமா வர்றாங்க. சீல் வச்சிருக்கறதைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. கேட்டாக்கூட பதில் சொல்லியிருப்பேன்." அலமாரியின் அரக்கைக் காட்டி, "சோதனையில என் வெதை பாஸாயிடும், எனக்குப் பயமில்ல. ஆனா ஆடி போயிடும். நீங்க என்கிட்ட வந்து சொல்லிட்டீங்க, சரி. அங்க கை தட்டினாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்லுவாங்க?" என்றார்.

டீ வரவழைத்தார். குடித்தேன். காசை அவரே கொடுத்தார்.

10-8-1986

அரங்கநாதனிடம் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டேன். "தேவையா சார்? எல்லாரும் மறந்திருப்பாங்க. உங்க மரியாதைதான் போவும்." மறந்திருப்பார்கள் என்றால் அந்த ஆட்கள் ஏன் எதிர்க் கடைக்குப் போகிறார்கள்? இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். ஆனால் ஐந்து நிமிடத்தை மறுபடி கேட்டேன்.

19-8-1986

சீல் எடுத்துவிட்டார்களாம். ஆடி முடிந்து மூன்று நாள் ஆகிறது.

24-8-1986, ஞாயிறு

சங்கக் கூட்டம். இருபத்திரண்டு பேர். அமீர் பாட்சாவுக்குக் கார்டு போட்டிருந்தேன். வாசல் பக்கம் ஒரு நாற்காலி காலியாக வைத்திருந்தேன். அவர் வரவில்லை.

கரும்பலகையில் 31 என்றும் 10 என்றும் எழுதினேன். சாக்குக்கட்டி உடைந்தது. பாஞ்சாலியின் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன், மதிலைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் உயர்நிலைப் பள்ளி வாத்தியார் ஒருவர் எண்களைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் மட்டும், திண்டிவனம் கடை எந்தத் தெருவில் என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பி வந்து பாஞ்சாலி வீட்டு வாசல் வழியாகப் போய், பச்சைக் கத்தரி விதை கொஞ்சம் கேட்டேன். துணி கட்டிய செடியில் பழுத்ததாம். காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வருடத்தை மேலே எழுதச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்று சிரித்தாள். நானே எழுதிக்கொண்டேன்.

குறிப்புகளைத் திருத்துகிறேன். ஒன்று முதல் நான்கு வரை சரி. ஆறாவது இன்னும் எழுதவில்லை.

5. தவறு. விதை சரியாகத்தான் இருந்தது. அமீர் பாட்சா மோசடி செய்யவில்லை.