பாக்கியநாதன் எழுதாத கடிதம்

என் அன்பு ரெஜினா அக்காவுக்கு,

நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் பூசையில் உன் பெயரை ஒலிபெருக்கியில் நான்தான் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. இருபது வருஷமாகக் கோயிலில் அறிவிப்பு வாசிக்கிறவனுக்குக் குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும். ஆனால் இப்போதெல்லாம் படி ஏறுவதற்குள்ளேயே களைத்துப்போகிறேன், அக்கா. வயசு என்று மற்றவர்களிடம் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் ஜெசிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் உழவர்கரைப் பக்கம், பல் ஆஸ்பத்திரியில் வேலை. அதிகம் பேசமாட்டான். ஜெசிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறாளே! உன் வீட்டுக்காரர் மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. திட்டுவதற்கு நீ இல்லாததால் தன்னைத் தானே திட்டிக்கொண்டு மாத்திரை போடுகிறார். முதலியார்பேட்டை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது உன் படத்தைக் கழற்ற விடவில்லை. சுற்றி அடிக்கச் சொன்னார்.

ஜெசியின் கல்யாண ஓலையும் வாசிக்க ஆரம்பித்தாயிற்று. பெண், மாப்பிள்ளை பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்" என்று முடிப்போமே, அது. முதல் ஓலையை நான் வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன். கடைசி வரிசையில் மாமா முன்னால் இருந்த பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. பூசை முடிந்து வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டார்.

"சூசை, இந்தத் தடவையும் எவனாவது எழுதிப் போட்டுடுவானாடா?"

எழுதமாட்டான் மாமா என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

அக்கா, கொஞ்சம் பொறுமையாகக் கேள். உன் கல்யாணத்தில் இரண்டாம் ஓலைக்குப் பிறகு பங்குச் சாமிக்கு வந்த மொட்டைக் கடுதாசியை எழுதியவன் நான். மாப்பிள்ளைக்குக் காரைக்காலில் ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள் என்று இடது கையால் எழுதி, கடலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தபாலில் போட்டேன்.

எதற்கு? நாம் சொல்தா குடும்பம். அப்பாவுக்குப் பிரான்சு பட்டாளத்துப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. மாமா மில்லில் மூட்டை தூக்கினார், அதோடு வேறு சாதி. ஒரே பூசையில் ஒரே நற்கருணையை வாங்குகிறவர்கள்தான் நாங்கள் இருவரும். ஆனாலும் அவர் நம் வீட்டுக்குள் மாப்பிள்ளையாக வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவே சரி என்றுவிட்ட பிறகு எனக்கு என்ன வந்தது? குடும்ப கௌரவம் என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன். வெறும் சாதித் திமிர், அக்கா.

காரைக்காலுக்குக் கடிதம் போய், விசாரித்து, அப்படி ஒன்றுமில்லை என்று பதில் வந்து, நடுவில் கல்யாணம் வைக்காத தவக்காலம் வந்து, எல்லாமாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் மாமாவின் அம்மா இறந்துபோனார். மருமகளுக்கென்று அவர் வாங்கி வைத்த புடவையைப் பெட்டியிலிருந்து நீயே எடுத்துக் கட்டிக்கொண்டாய்.

அதோடு விட்டேனா? யாராக இருக்கும் என்று மாமா தவித்தபோது, பாக்கியநாதன் அண்ணன் எழுத்து மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். மில்லில் மாமாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் அவர். முன்பு ஒரு தடவை உன்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அது போதும், எல்லோரும் நம்பினார்கள். அவர் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தும் ஒருவரும் காது கொடுக்கவில்லை. மில்லை விட்டுவிட்டு முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்தார். முப்பது வருஷமாக மாமா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. மாதம் தவறாமல் முழங்கால் போடுவேன். "பொய் சொன்னேன் சாமி" என்பேன். என்ன பொய், யாரிடம், யாரைப் பற்றி என்று சொன்னதில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு எழுந்துவந்து, தவக்காலத்தில் மனந்திரும்புதலைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பேன். நன்றாகவே எடுப்பேன். சிலர் அழுதிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் நீ என்னைக் கிட்டே கூப்பிட்டாய். "டேய், பாக்கியம் அண்ணனப் பாத்தீன்னா, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு. மனசுல ஒண்ணும் வெச்சிக்கல" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டே சரிக்கா என்றேன். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நீ நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். உன் பார்வையைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் ஓலை அன்று மாமா அப்படிக் கேட்டாரே, அந்த வாரமே சனிக்கிழமை போய் வழக்கம்போல முழங்கால் போட்டேன். புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமி, என் மகனைவிட இளையவர். பொய் சொன்னேன் சாமி என்றேன்.

"யார்கிட்ட?" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பங்குப் பேரவையில் இருக்கிறவனிடம் இந்தப் பையன் கேட்கிற கேள்வியைப் பார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடக்கூடப் பார்த்தேன். முழங்கால் வலியில் சட்டென்று எழ முடியவில்லை. அப்படியே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "அவங்ககிட்டயும் சொல்லிடுங்கய்யா" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஜெசி கடைக்குப் போயிருந்தாள். மாமா கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஓங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, முத்தியால்பேட்டைக்கு விடச் சொன்னார்.

பாக்கியநாதன் அண்ணன் யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் கடை வாசலில் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. முப்பது வருஷம் இழுத்ததைச் சொல்ல நாலு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது நான் இல்லன்னு ரெஜினாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அப்படியே மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஊரு பேசினதெல்லாம் கெடக்கட்டும். அவ தெரிஞ்சிக்கினு போயிருக்கலாம்" என்றார். நீ மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினாயே, அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு தப்பும் செய்யாத மனிதரிடம் அதை எப்படிச் சொல்வேன்? மாமா உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்று, "டேய் பாக்கியம்" என்றார். நான் தெருவுக்கு வந்து வண்டியின் பக்கத்தில் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்து, ஜெசியிடம் நீயே சொல், நான் சொல்லமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் செய்தது நியாயம். கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடப் பாக்கியநாதன் அண்ணனைக் கேட்டிருக்கிறாராம். அது தாய்மாமன் நான் போடுவதாக இருந்தது. மூன்றாம் ஓலையை வேறு ஒருவர் வாசித்தார். பேரவைக்கும் இனி வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாழ்மையைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! அது இவ்வளவு அலுப்பான காரியம் என்று எனக்குத் தெரியாது, அக்கா. அழுகைகூட வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

இந்தக் கடிதத்தைக் கோயிலில் அச்சடித்துக் கொடுக்கும் பங்கு மடலில் போடச் சொல்லியிருக்கிறேன். பாக்கியநாதன் அண்ணன் பெயர் கெட்டது ஊரறிய. அதைத் திருப்பிக் கொடுப்பதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும். படிக்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், மனந்திரும்பியவன் என்று மெச்சவும் வேண்டாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இப்போது கேட்டால் எனக்கு வேண்டிய பதிலை நானே சொல்லிக்கொள்வேன். பதில் சொல்ல நீ இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை.

நாளைக் காலை முதல் பூசை முடிந்ததும் ஜெசியிடம் சொல்லப்போகிறேன். மடலில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. உன் கோபம் அப்படியே அவளுக்கு இருக்கிறது. கல்யாணத்துக்கு வராதே மாமா என்றாலும் சொல்வாள். என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை வரைக்கும் இருந்து கேட்பேன், பாதியில் எழுந்து வரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை ஏமாற்றிய, உன் கையால் சோறு தின்று வளர்ந்த,
தம்பி சூசை