மிதினி என்ற சொல்

தான்சேன், பால்பா
விக்ரம் சம்வத் 2055, கார்த்திக் 28

என் மிதினிக்கு ஹரிகலாவின் நமஸ்காரம். பகவதி கிருபையில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலமில்லை.

என் மகன் நவராஜ் உங்கள் உர்மிளாவைத்தான் கட்டுவானாம். "அவ ஒனக்குத் தங்கச்சிடா, அவ அம்மாவும் நானும் மிதினி" என்றேன். "சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் சடங்கு செஞ்சு சிநேகிதம் கட்டிக்கிட்டதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்கிறான். நடக்காவிட்டால் கத்தாருக்குப் போய்விடுவானாம். விசா கையில் இருக்கிறது. புரோகிதரோ, "மித் கட்டினவங்க பிள்ளைங்க ஒடம்பொறப்பு. என் கையால நடக்காது" என்று எழுந்து போய்விட்டார்.

உங்களுக்கு முன்பே தெரியுமா? மங்சிர் மாதம் போனால் பூஸ் மாதத்தில் முகூர்த்தமில்லை. உடனே பதில் போடுங்கள்.

உங்கள் மிதினி


புட்வல்
மங்சிர் 5

மிதினிக்குத் தில்மாயாவின் நமஸ்காரம்.

தெரியும். தசைன் பண்டிகைக்கு நெற்றியில் டீக்கா வைத்துக்கொள்ள வந்த உங்கள் மகன் தட்டைப் பார்க்கவேயில்லை, உர்மிளாவையே பார்த்தான். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டுங்கள்.

ஆனால் யோசியுங்கள். நமக்கு அப்போது பதினொரு வயது. ரிடி கோயில் மேளாவில் யாரோ, "ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி, மித் கட்டி விடுங்கப்பா" என்றார்கள். நம் அப்பாக்கள் சிரித்துக்கொண்டே கட்டிவைத்தார்கள். மூக்கு ஒழுக நின்ற என்னை அன்றிலிருந்து நீங்கள், வாருங்கள் என்கிறீர்கள்! அது வெறும் விளையாட்டு, நாம் மிதினி இல்லை, ஸாத்திதான் என்று சொல்லிவிட்டால் என்ன? கூடப் பழகுகிறவர்கள் எல்லோருமே ஸாத்திதானே, ஸாத்திக்கு ஏது முறை? உர்மிளா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

தில்மாயா


தான்சேன்
மங்சிர் 9

மிதினிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. மாமனாரின் அகராதியை எடுத்தேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றவள், எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு மதியம் ஆயிற்று. மித் என்பது மித்ரனிலிருந்து வந்ததாம். மித்ரன் சூரிய பகவான், கொடுத்த வாக்குக்குக் காவல். ஸாத்தி என்பது வணிகச் சாத்திலிருந்து வந்ததாம். சரக்கோடு சேர்ந்து பயணம் போகும் கூட்டம். வழி பிரிந்தால் அவரவர் ஊர்.

அப்படியா இருந்தோம் நாம்? உங்கள் வீட்டுக்காரர் காலமானபோது இங்கே நான் உடன்பிறந்தவளைப் போலத் துக்கம் காத்து உப்பில்லாமல் உண்டேன். என் விரத நோட்டில் தேதியோடு இருக்கிறது. எந்த ஸாத்தி அதைச் செய்வாள்? அந்த வரியை அடித்துவிட்டு விளையாட்டு என்று எழுதட்டுமா?

ஆனால் நவராஜ் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டான். பூஜையில் உட்கார்ந்தால் மந்திரம் பாதியில் மறந்துபோகிறது. பொய் சொன்னால் நீங்கள் போவீர்கள், சொல்லாவிட்டால் மகன் போவான். நான் என்ன செய்ய, மிதினி?

ஹரிகலா


புட்வல்
மங்சிர் 14

மிதினிக்கு,

நேற்றுக் காலை பஸ் ஏறித் தான்சேன் வந்தேன். உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன்.

நேரே புரோகிதர் வீட்டுக்குப் போனேன். துளசி இலையை என் கையில் வைத்து, சத்தியமாகச் சொல் என்றார். "நாங்க மித் கட்டல பாஜே. சும்மா ஸாத்தி" என்றேன்.

"பொய்யா இருந்தா பாவம் ஒனக்குத்தாம்மா."

"எனக்கே இருக்கட்டும்" என்றேன்.

உங்களுக்கு ஒரு விரதம் தவறினாலே தூக்கம் வராது. உங்கள் வாயில் அந்தப் பொய் வர வேண்டாம். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் சும்மா நில்லுங்கள், அது போதும்.

தில்மாயா


தான்சேன்
மங்சிர் 17

தில்மாயாவுக்கு,

மித் கட்டியவர்கள் பெயர் சொல்லக்கூடாது. முப்பத்திரண்டு வருடத்தில் இன்றுதான் உங்கள் பெயரை எழுதுகிறேன். இரண்டு தாளைக் கிழித்துப்போட்ட பிறகு.

புரோகிதர் கூப்பிட்டனுப்பினார். "அந்தம்மா சொல்றது நெசமா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தார். மங்சிர் 26, காலை. நவராஜ் என் காலில் விழுந்தான். அவன் தலையைத் தொட்டேன், ஆசீர்வாதம் வாயில் வரவில்லை. பிறகு சொல்லிவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

இனி நீங்கள் எனக்குச் சம்பந்தி. பெண்ணைப் பெற்றவள் என்று நீங்கள் ஓரமாக நிற்பீர்கள். எனக்கு நாற்காலி போடுவார்கள். அதை நினைத்தால் இப்போதே எனக்கு உட்கார முடியவில்லை.

ஒன்று மட்டும். எனக்கே இருக்கட்டும் என்றீர்களாமே, அது நடக்காது. வாய் மூடி நின்றதும் பொய்தான். அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது. என் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

ஹரிகலா