சாம்பல் கோட்டுக்குப் பயந்தவன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால் அது பெரிய பேச்சு, பிறகு வருகிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. முதல் வரியே ‘பொத்தான் எப்படி இருக்கான்?’ அக்கா எப்படி இருக்கிறாய் என்பது கடைசியில், அதுவும் கையெழுத்துக்குக் கீழே, இடம் மிச்சமிருந்ததால் எழுதினாற்போல. ரொம்ப நல்லது. கூடப் பிறந்தவளைவிட ஒரு குரங்கு உசத்தியாகிவிட்டது. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, அவன் கேட்டது நியாயம்தானே என்கிறார். என்னைக் கேலி செய்வதென்றால் நீங்கள் இரண்டு பேரும் எங்கிருந்தாலும் ஒன்று சேர்ந்துவிடுவீர்கள்.

முதலில் உன் விஷயம். பட்டறையில் யாரும் உன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை, அவர்கள் பாஷையில் நீ பேசினால் சிரிக்கிறார்கள், அதனால் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன் என்று என்னவோ மழை பெய்தது என்று சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மேஜையிலேயே உட்கார். எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். சொன்னால் எனக்கு எழுது.

இனி உன் பொத்தான். அதை நீ கொண்டுவந்த நாளில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? தாய்க் குரங்கு குட்டியைப் பிடித்துப் பிடித்துத் தள்ளியது, அது எழுந்து எழுந்து தாயின் பின்னாலேயே ஓடியது, கடைசியில் கூட்டமே அதை விட்டுவிட்டு மலைப்பக்கம் ஏறிப் போய்விட்டது என்றாய். அது அதுகளின் வீட்டு விவகாரம், நீ எதற்கு மூக்கை நுழைத்தாய் என்று கத்தினேன். மிருகக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள் பேசுகிற பேச்சா என்று உன் மாமாகூடக் கேட்டார். காப்பகத்தில் வேலை பார்ப்பதால்தான் பேசினேன். அடிபட்டதைக் கட்டுப் போட்டு அனுப்பலாம். இனமே வேண்டாம் என்று விட்டதைக் கட்டுப் போட்டு எங்கே அனுப்புவது? நீயோ ‘பார்த்துட்டு எப்படிக்கா விட்டுட்டு வர்றது?’ என்று மட்டும் கேட்டாய். அது உன் சட்டைக்குள்ளே மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை விடுவிக்க முடியாமல் சட்டையோடு சேர்த்துத்தான் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே மிருகங்களுக்குப் பேர் வைக்கக் கூடாது என்று விதி. ஆனால் நீ அதற்கு முன்பே வைத்துவிட்டாய்.

டாக்டரம்மா அன்றைக்கு அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். கண், காது, கை, கால், இதயத் துடிப்பு எதிலும் ஒரு குறை இல்லை. தாய் ஏன் தள்ளியது என்று கேட்டேன். அது தாய்க்குத்தான் தெரியும் என்றார்.

அதன்பிறகு நாங்கள் வளர்த்த விதம் உனக்குத் தெரியாது, நீ கப்பல் ஏறிவிட்டாய். மனிதர்களோடு அது பழகிவிடக் கூடாது என்பதற்காக, கூண்டுக்குள் போகிற எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டு மாட்டிக்கொள்வோம். தலையிலிருந்து முழங்கால்வரை மூடும், முகத்துக்கும் துணி. உன் மாமா தைத்ததுதான். பொத்தான் இருந்தால் குட்டிகள் பிய்த்துத் தின்றுவிடும் என்பதால் முதுகில் முடிச்சுப் போடுகிற நாடாக்கள். உள்ளே போனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்னோடு வேலை பார்க்கிற ரேடியோ அண்ணனை உனக்குத் தெரியுமே, தூக்கத்தில்கூட வாய் மூடாத மனுஷன். அவர் கோட்டு மாட்டிக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டு பால் புட்டியைப் பிடிக்கிற அழகைப் பார்க்கவேண்டும். வெளியே வந்ததும் உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டிவிடுவார்.

இப்போது பால் குடி முடிந்து, விரட்டுகிற பாடம் நடக்கிறது. காட்டில் விடப்போகும் குரங்கு மனிதனைக் கண்டால் ஓடவேண்டும். இல்லாவிட்டால் பிழைக்காது. அதனால் அதே கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தகரத்தை அடிக்கிறோம், தண்ணீரைப் பீய்ச்சுகிறோம், கம்பால் தரையில் ஓங்கித் தட்டுகிறோம். முதலில் அது விளையாட்டு என்று நினைத்து என் காலைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தது. நான் குழாயை அதன் முகத்துக்கு நேரே திருப்பினேன், தம்பி. அது மூலையில் நனைந்துபோய் உட்கார்ந்து என்னையே பார்த்தது. இப்போது கோட்டைக் கண்டாலே கூண்டின் உச்சிக்கு ஏறிக் கீச்சிடுகிறது. பயம் வந்துவிட்டது, இனி பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மாவுக்குத் திருப்தி. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீக்கிரமே விடப்போகிறோம். இந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே கூட்டம், அதைத் தள்ளிய அதே கூட்டம். குரங்குகளுக்கு அதெல்லாம் மறந்திருக்கும் என்கிறார் டாக்டரம்மா. மறந்திருந்தால் சரி. நீயும் வேண்டிக்கொள். சாப்பாட்டு மேஜை விஷயத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைத் திட்டவென்றே பிறந்த
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

கடிதம் தாமதமாகிவிட்டது. எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. உட்கார்ந்தால் கை வரவில்லை. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டிலும் அதே முதல் வரி. அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

பொத்தானை மலை அடிவாரத்தில் விட்டோம். கூட்டம் மரத்தில் இருந்தது. அது மெல்லப் போய், சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டது. அப்படிச் செய் என்று நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே தெரிந்திருக்கிறது. பெரிய ஆண் குரங்கு இறங்கிவந்து மோந்து பார்த்தது. நாங்கள் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியோ அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். பெரியது மோந்து முடித்துவிட்டுப் பொத்தானின் காதைக் கடித்துக் கிழித்தது. பிறகு மற்றவையெல்லாம் சேர்ந்துகொண்டன. அதன் தாய் எது என்று எங்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் அதுவும் இருந்திருக்கும்.

பொத்தான் விலகி ஓடியது. அப்புறமும் கூட்டத்துக்குப் பின்னாலேயே திரிந்திருக்கிறது. அவை தின்றுவிட்டுப் போன இடத்தில் பொறுக்கித் தின்னும். கிட்டே போனால் அடி. சில கூட்டங்கள் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. நாங்கள் பொறுத்தோம். அதற்குத்தான் பொறுமை போய்விட்டது.

ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் வந்தது. பொத்தான் அங்கே பெஞ்சில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சிரித்து, பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்ணின் சட்டையைப் பிடித்துவிட்டது. அவள் பயந்து உதற, அது இன்னும் இறுக்கிப் பிடிக்க, பிள்ளையின் கழுத்தில் நகக்கீறல். அப்புறம் சிரித்தவர்களே கம்பை எடுத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. என் பிள்ளையாக இருந்தால் நானும் எடுத்திருப்பேன்.

ரேடியோ அண்ணன் விதிப்படி கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். அவரைக் கண்டதும் அது எங்கே ஓடியது தெரியுமா? காட்டுக்கு இல்லை. கம்போடு நின்றவர்களிடம் ஓடியது. முழங்கை நொறுங்கித் தொங்குகிற கையோடு, தன்னை அடித்தவனின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எங்கள் கோட்டைப் பார்த்துக் கீச்சிட்டது.

ரேடியோ அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம் நடுத்தெருவில் முதுகு நாடாவை அவிழ்த்து, கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார். உள்ளே அவருடைய பழைய கட்டம் போட்ட சட்டை. அது நொண்டிக்கொண்டு வந்து அவர் மேல் ஏறிக்கொண்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த மனுஷன் அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

புரிகிறதா? எங்களில் எத்தனையோ பேர், எவ்வளவோ அனுபவம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கோட்டில்லாத மனிதனை அது பார்த்ததெல்லாம் நீ கொண்டுவந்த அந்த ஒரு நாளில்தான். அப்புறம் வந்ததெல்லாம் கோட்டு. பால் கொடுத்ததும் கோட்டு, தண்ணீரைப் பீய்ச்சியதும் கோட்டு. டாக்டரம்மா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: ‘மனுஷனுக்குப் பயப்படச் சொல்லித் தந்தோம்னு நெனச்சோம். ஒரு துணிக்குப் பயப்படச் சொல்லித் தந்திருக்கோம்.’ வீட்டில் உன் மாமாவிடம் சொன்னபோது, அவர் தைத்துக்கொண்டிருந்த புதுக் கோட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

கை இனி குணமாகாது. கட்டுப் போட்டால் பிய்த்துவிடுகிறது, உள்ளே சீழ் வைத்துவிட்டது. அந்தக் கையோடு மரம் ஏற முடியாது. காப்பகத்துக் குரங்குகளோடு வைத்துப் பார்த்தோம், அவையும் கடிக்கின்றன. வேறு காப்பகங்களைக் கேட்டோம், எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். தனிக் கூண்டில் இருக்கிறது. இப்போது நல்ல கையைத் தானே கடிக்க ஆரம்பித்திருக்கிறது. டாக்டரம்மா முடிவு எடுக்கவேண்டும் என்கிறார். என்ன முடிவு என்று உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

நான் போய் அவரோடு சண்டை போட்டேன். காட்டு மிருகத்தைத் தொடாதே என்று உன்னிடம் கத்தினவள், அந்தக் கூண்டிலேயே எவ்வளவு காலமானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், விடுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. ‘அதுக்காகக் கேக்கறீங்களா, உங்களுக்காகக் கேக்கறீங்களா?’ என்றார். இதை எழுதும்போதும் அதையே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது. ஆனால் உன் பதில் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
அக்கா

*

தம்பிக்கு,

நேற்று முடிந்தது.

மயக்க ஊசியைத் தூரத்திலிருந்து எய்தால் கடைசி நேரத்தில் கூண்டெல்லாம் ஓடிப் பயந்து போகும், யாராவது உள்ளே போனால் நல்லது என்றார் டாக்டரம்மா. ரேடியோ அண்ணன் தன்னால் முடியாது என்று வெளியே போய்விட்டார். நான் போனேன். கோட்டு போடவில்லை. உன் மாமாவின் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டேன், பெரிய பொத்தான் வைத்தது.

கதவைத் திறந்ததும் வந்துவிட்டது. குழாயைத் திருப்பினவள் நான்தான் என்று அதற்குத் தெரியவே இல்லை. மடியில் ஏறி, நல்ல கையால் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. காது கிழிந்த இடத்தைத் தடவிக்கொடுத்தேன். பேசக் கூடாது என்ற விதியெல்லாம் இனி எதற்கு? அதனால் உன்னைப் பற்றிப் பேசினேன். உன் சட்டைக்குள்ளே வந்த கதையைச் சொன்னேன். டாக்டரம்மாவும் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் பின்னால் வந்து உட்கார்ந்தார். ஊசி போட்டபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடி தளரவே இல்லை. கடைசியில் நான்தான் கத்தரிக்கோல் வாங்கி நூலை வெட்டினேன். சட்டைப் பொத்தான் அதன் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நீ செய்தது சரியா தப்பா என்று கேட்பாய். தெரியவில்லை, தம்பி. அன்றைக்கு நீ அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும், யாரையும் நம்பாமல் செத்திருக்கும். நாம் எடுத்து வளர்த்து, நம்பவைத்து, அப்புறம் சாகவைத்தோம். இதில் எது மேல் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

காப்பகத்து வாசலில் இன்றைக்கு யாரோ ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஏதோ பிறாண்டுகிறது. ரேடியோ அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒருவரும் திறக்கவில்லை.

நீ தனியாகச் சாப்பிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அவர்கள் நகர்ந்து உட்கார்ந்தாலும் நீ எழுந்து வராதே. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நாலு பேரோடு நன்றாக இரு. அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே அக்கா எப்படி இருக்கிறாய் என்று கேள்.

உன்
அக்கா