இரண்டாம் தடவையும் அதே கோப்பை

ஆகஸ்ட் 8, திங்கள்
நேற்றைய பேஸ்பால் ஆட்டத்திலும் ஜெயித்தோம். "இந்த வருஷமும் லீக்கோட சிறந்த பந்துவீச்சாளர் கோப்பை உனக்குத்தான்டா எவரெட்" என்று என் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பெகேரோ முதுகில் தட்டினான். வாயை மூடு என்றேன். எங்கள் சின்ன லீக் சீசனின் கடைசி நாள் மைதானத்தில் நின்று வாங்கும் கோப்பை அது. நிஜமாகவே தேறியவனை அதற்குள் பெரிய லீக் மேலே அழைத்திருக்கும். மிச்சம் கிடப்பவன்தான் நின்று வாங்குவான். போன வருடம் நான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 13, சனி
நெப்ராஸ்காவிலிருந்து அம்மா போன். கல்லூரியின் கௌரவச் சுவரில் என் பெயரைப் பொறிக்கிறார்களாம். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இரண்டு முறை வந்தேனே, அந்தப் பட்டயங்கள் எல்லாம் வீட்டு மாடிப்படிச் சுவரில்தான் தொங்குகின்றன. "இனிமே ஆணி அடிக்க எடமே இல்லடா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தொன்பது வயது ஆகிறது. எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

ஆகஸ்ட் 19, வெள்ளி
எங்கள் அணியின் இன்னொரு பந்துவீச்சாளன் டுவயரை மேலே, பெரிய லீக்குக்கு, அழைத்துக்கொண்டார்கள். டுவயரை! பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. மேனேஜர் டோலிவரிடம் நேராகவே கேட்டேன். சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, "நீ அவுட் எடுக்கற, தம்பி. அவன் வேகமா எறியறான். மேல இருக்கறவங்க வேகத்ததான் பாக்கறாங்க, நான் என்ன பண்ண?" என்றார்.

ஆகஸ்ட் 20
போய்த் தொலையட்டும்.

செப்டம்பர் 1, வியாழன்
மேலே கூடுதல் ஆட்களை எடுக்கும் நாள். நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை எனக்குத்தான் என்ற சேதி மட்டும் வந்தது. திங்கட்கிழமை தருவார்களாம், சவரம் செய்துகொண்டு வர வேண்டுமாம். வரவே மாட்டேன்னு கத்திட்டேன். "ஊர்க்காரங்க மனசு நோவும்டா" என்கிறான் பெகேரோ. என் மனசு? அத யாரு பாக்கறா?

செப்டம்பர் 4, ஞாயிறு
டோலிவர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். கதவைச் சாத்தினால் ஒன்று வீட்டுக்கு அனுப்புவார்கள், இல்லை —

செப்டம்பர் 5, திங்கள்
பெகேரோ போன் செய்தான். என் பெயரைச் சொன்னதும் போன வருடம் போலவே லேசாகக் கைதட்டினார்களாம். "அப்புறம், அவர் இங்க இல்ல, மேல கூப்பிட்டுட்டாங்கன்னு மைக்ல சொன்னான் பாரு, ஊரே எழுந்து நின்னுடுச்சுடா!"

எதிரே என் பெயர் தைத்த புதுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், இருக்கியா? கோப்பைய என்ன பண்ண?"

"நீயே வச்சுக்கோ. எங்க வீட்டுல எடமில்ல."