மறுபடியும் பின்சக்கரம்

வண்டியிலிருந்து நேற்று கழற்றிய பின்சக்கரம் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. அன்பரசன் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் ஹெலன் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் புருஷனுக்கு எழுதினாள்.

"சோறு குக்கர்ல இருக்கு. கத்திரிக்கா குழம்ப சுட வெச்சுக்குங்க. வெளிய போனா சாவிய எதிர்வீட்டு ஜோதி அக்காகிட்ட குடுத்துடுங்க.

பெருக்கும்போது கட்டிலுக்கடியில சின்ன இரும்புப் பைப்பு ஒண்ணு கெடச்சுது. கிரீஸ் தொடைக்கிற தோல் துண்டுல சுத்திக்கினு இருந்துச்சு. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல போடறதுதானே? ஜன்னல்ல வெச்சிருக்கேன். அத உட்டுட்டு முடுக்கிடாதீங்க.

போன மாசம் பழைய பேரிங் தேஞ்சு போயிருந்துச்சு, மாத்துனீங்க, சரி. இது புதுசு. இத இன்னாத்துக்குக் கழட்டுனீங்க? சக்கரம் ஆடுனதால நம்ம கொழந்த கலையலன்னு டாக்டரம்மா உங்க எதிர்லதானே சொன்னாங்க?"

கடைசி வரியை அடிக்கப் போனவள் அப்படியே விட்டாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"நேத்து வண்டில ஏற மாட்டேன்னு சொன்னேனே, வண்டிக்குப் பயந்து இல்ல. உங்க மேல கோவமும் இல்ல. பின்னாடி உக்காந்தா உங்க முதுகுதான் தெரியுது. அழுதுக்கினே ஓட்டுறீங்களான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."